கோல் அடிக்காதவரின் வரலாறு: சையத் நயீமுத்தீன்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி கடைசியாகப் பதக்கம் பெற்றது 1970 டிசம்பரில், பாங்காக் நகரில். அரையிறுதியில் பர்மாவிடம் தோற்ற நம் அணிக்கு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது ஜப்பான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நாடு அது. இந்தியா 1-0 என்ற கணக்கில் வென்றது. அடித்த அந்த ஒரு கோலைப் பதிவேடுகள் சொல்லும். அடிக்க விடாமல் தடுத்தவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை. அன்று அணியின் தலைவராக இருந்தவர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். ஹைதராபாத்தைச் சேர்ந்த 26 வயது சையத் நயீமுத்தீன்.

ஓசூரில் மாலை மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் ஐரோப்பியக் கழகங்களின் பின்வரிசை வீரர்களைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். இத்தனைக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் நம்மவர் பலரது வீட்டில் பேசப்படுவது தக்கனி உருது. அதே மொழியின் மண் ஹைதராபாத். அத்திப்பள்ளியைக் கடந்து 40 கிலோமீட்டர் போனால் வரும் பெங்களூரிலும் இந்த ஆட்டத்துக்கு நெடிய வரலாறு உண்டு. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை நெடுங்காலம் ஆங்கிலேயப் பட்டாளத்து அணிகளிடமே இருந்தது. அதை 1937-ல் முதன்முதலாக வென்ற இந்தியக் கழகம் பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். நம் எல்லைப்புற மக்கள் இதையும் மறந்துவிட்டார்கள் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம்.

நயீமுத்தீனை அறிய, அவருக்கு முன்பு அந்நகரில் வாழ்ந்த ஓர் ஆசிரியரை அறிய வேண்டும். மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் சாஹிப் தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். ஓதிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு அந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி, மறைப்பானேன்! அவரிடம் பயின்ற ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951-ல் டெல்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசியத் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தா வெற்றிக்கு மறு ஆண்டே புற்றுநோயால் காலமானார். அந்தக் காவல்துறை அணியில்தான் நயீமுத்தீனும் ஆடினார். பிறகு கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார்.

‘பந்து உதைப்பது சோறு போடுமா?’ என்று நம் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வியே. அக்காலத்தில் அது சோறு போட்டது. காவல்துறை, இரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற ஆலைகள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. ஆட்டம் நின்ற பிறகும் சம்பளம் நிற்கவில்லை. இன்று நம் சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக ஷிப்ட் முடித்துவிட்டு, ஞாயிறு மட்டும் காலி மனையில் பந்தாடும் இளைஞனுக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. அவனிடம் திறமை இல்லை என்று சொல்ல மாட்டோம். அவன் நிற்கும் இடம் தவறு, உதைக்கும் கால் தவறு என்று சொல்லித் தர ஆளில்லை.

தற்காப்பு ஆட்டம் சொல்லித் தந்தால் மட்டுமே வருவது. முன்வரிசைக்காரன் பத்து முறை தவறினாலும் ஒரு முறை வென்றால் போதும், தோளில் தூக்குவார்கள். பின்னால் நிற்பவன் பத்து முறை தடுத்து ஒரு முறை தவறினால் ஏச்சு அவனுக்கே. ஆனால் மைதானம் முழுவதும் அவன் கண்முன் விரிந்திருக்கிறது. யார் எங்கே நகர்கிறார், எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்துக் கூவிச் சொல்வதே அவன் வேலையில் பாதி. இத்தகையவர் ஆட்டத்தை விட்டபின் ஆசானாவதில் வியப்பென்ன?

ஆடுபவராக 1970-ல் அர்ஜுனா விருது பெற்ற நயீமுத்தீன், 20 ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியா விருதும் பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதை முதலில் பெற்றவர் அவரே. அந்த 1990-ல்தான் அவர் பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. தாம் ஆடிய மூன்று கல்கத்தா கழகங்களுக்குமே பயிற்சியாளராகவும் இருந்தார். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். உடல் வலுவும் நேரம் தவறாமையும் இல்லாதவரிடம் அவருக்குப் பொறுமை குறைவு. இக்காலப் பிள்ளைகளிடம் இந்த முறை செல்லாது என்பார்கள், பாதி உண்மை. எங்கள் வகுப்பறை அனுபவமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கண்டிப்பே இல்லாத இடத்தில் பாடம் நடந்து நாங்கள் கண்டதில்லை.

இந்திய அணிக்கும் அவர் ஒரு முறைக்கு மேல் பொறுப்பேற்றார். 1997-ல் காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பை. 2005-ல் கராச்சியில் மீண்டும் அதே கோப்பை, இறுதியில் பங்களாதேஷை 2-0 என வென்று. மறு ஆண்டு அப்பொறுப்பு இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் ஹவ்டனிடம் சென்றது. வெளிநாட்டு ஆசானை அழைப்பதில் குற்றமில்லை. கல்வி எங்கிருந்தாலும் தேடத்தக்கது. ஆயினும் ரஹீம் சாஹிப் காலம் முதல் நம் நாட்டில் வளர்ந்த ஆசிரிய மரபை எழுதி வைத்து, அடுத்தவருக்குக் கைமாற்றும் ஏற்பாடு எதுவும் நடக்கவில்லையே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

நயீமுத்தீன் டாக்கா சென்றார். அங்கே பிரதர்ஸ் யூனியன் கழகம் அவரை அறிந்திருந்தது. 2007-ல் டெல்லியில் நேரு கோப்பை நடந்தபோது அவர் வந்தார், பங்களாதேஷ் தேசிய அணியின் பயிற்சியாளராக. ஹவ்டனின் இந்தியா அந்தப் போட்டியில் பங்களாதேஷை வென்று, கோப்பையையும் வென்றது. 1970-ல் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர் அன்று எதிரணியின் இருக்கையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.