தெருவுக்கு வரும் திரைகள்

ஜப்பானின் ஷிகோகு தீவில் கோச்சி என்று ஒரு மாநிலம். கேரளத்துக் கொச்சி இல்லை, இது நெடில். அதன் கடலோரத்தில் அகாவோகா என்ற ஊர். இரண்டு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. 2006இல் பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கோனான் நகரமாக்கிவிட்டார்கள். இந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 23 மடிப்புத்திரை ஓவியங்கள் இருக்கின்றன. மாநில அரசின் பாதுகாப்புக்கு உட்பட்ட பண்பாட்டுச் சொத்து. அப்படியென்றால் கண்ணாடிப் பெட்டி, குளிர்சாதனம், காவலாளி என்றுதானே நினைப்போம்? ஜூலை மாதம் வந்தால் ஊர்க்காரர்கள் அவற்றைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் வைத்து, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

காகிதம், பசை, பக்கத்திலேயே நெருப்பு. பொறியியல் படித்த மூளைக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும்.

வரைந்தவர் ஹிரோசே கின்ஸோ (1812–1876). மக்கள் சுருக்கி ‘எகின்’ என்றார்கள். ஓவியக்காரக் கின்ஸோ என்று வைத்துக்கொள்ளலாம். முடிதிருத்துபவரின் மகன். எடோவுக்குப் போய் கானோ மரபில் பயின்று, ஊர் திரும்பி அரசு ஓவியரானார். அது சாதாரண ஏற்றம் இல்லை. பிறகு, பழைய மேதை கானோ தன்யூவின் பெயரில் போலி ஓவியம் செய்தார் என்ற பழி விழுந்தது. பதவி போனது. பயிற்சிக்காகப் பார்த்து வரைந்ததை ஒரு வியாபாரி அசல் என்று விற்றுவிட்டான் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். எப்படியோ, அரண்மனைக்கு வரைந்தவர் கடைசியில் அகாவோகா வியாபாரிகளுக்காகக் கபுகி நாடகக் காட்சிகளை வரைந்தார்.

அவற்றின் பிரதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. சுஸுகாமோரி கொலைக்களத்தில் கொள்ளையர்களை வெட்டிச் சாய்க்கும் இளைஞன் கொன்பாச்சி. தலைகள், கைகால்கள், ரத்தம். அழகுக்காக வரைந்தவை அல்ல இவை. ரத்தச் சிவப்பு தீய ஆவிகளை விரட்டும் என்பது ஊர் நம்பிக்கை. நம் காவல் தெய்வங்களின் உருட்டுவிழி மாதிரி. வெள்ளை டியூப்லைட்டில் கொஞ்சம் கத்துவதுபோல் இருக்கும் அந்த நிறம், அசையும் சுடரில்தான் உயிர் பெறுகிறது என்கிறார்கள். நம்பத் தோன்றுகிறது.

ஜப்பானின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமே ஒரு தீயில்தான் பிறந்தது. 1949 ஜனவரி 26இல் ஹோர்யூஜி கோயிலின் பழம்பெரும் சுவரோவியங்கள் கருகின. மறுவருடம் சட்டம் வந்தது. தேசிய அளவுக்கு எட்டாதவற்றை மாநிலங்களும் நகரங்களும் தாங்களே அறிவித்துக் காக்கலாம். எகினின் திரைகள் இந்த மாநிலப் பட்டியலில் வருபவை.

ஆனால் பத்திரமான இடமும் கைவிடும். 2010இல் குமமோட்டோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த எகின் ஓவியங்கள் ஐந்து, பூச்சி மருந்துப் புகை போட்டதில் நிறம் மாறிவிட்டன. மெழுகுவர்த்தி செய்யாததைப் பராமரிப்பு செய்தது! அகாவோகாவிலும் 2005 முதல் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றில் எகின் அருங்காட்சியகம் நடக்கிறது. இருட்டு அறையில் கைவிளக்கு ஏந்திப் பிரதிகளைப் பார்க்கலாம். அசலைச் சுவர் ஓட்டை வழியாக எட்டிப்பார்க்கலாம். புத்திசாலித்தனமான சமரசம்.

இதையெல்லாம் படிக்கும்போது மனம் ஜார்ஜ்டவுனிலேயே சுற்றுகிறது. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் லெபோ ஆர்மேனியன் சுவரில் வெயிலும் மழையும் பட்டு வெளுக்கின்றன. படமெடுக்க வரிசை நிற்கிறது. அது ஊருக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் அந்தத் தெருக்காரர் யார்? 2000 ஜனவரியோடு வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது. கடைவீடுகளில் தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ வந்தது. 2011இல் மாநில மரபுடைமைச் சட்டமும் வந்தது. கூரை ஓட்டுக்கும் ஜன்னலுக்கும் விதி உண்டு. அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு எந்த விதியும் இல்லை.

இங்கேயும் பேய் மாதத்தில் மேடை கட்டிச் சீனக்கூத்து நடத்துகிறார்கள். முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கு. மேடைக்குக் காசு திரட்டுவது அக்கம்பக்கத்து ஆட்கள். ஆட்கள் போனால் ஆவிகளுக்கு யார் நாற்காலி போடுவது?

ஒரு திரைக்கு இரண்டு பேர் என்றாலும் 23 திரைகளைத் தூக்க 46 பேர் வேண்டும். அகாவோகாவில் இன்னும் கிடைக்கிறார்கள். லெபோ ஆர்மேனியனில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால், மாடி ஜன்னல்களில் விளக்கு எரிவதே அபூர்வம்.