அணையும் அறமும்

நிலக்கரிப் புகையின்றி ஆற்றுநீரால் மின்விசை ஆக்குதல் நன்றே. ஆயின், அந்நன்மைக்கு விலை கொடுப்போர் யாவர்? இவ்வினாவிற்குச் சரவாக் மாநில வரலாறு இருவேறு விடைகளைத் தருகின்றது.

பாலுய் ஆற்றின் குறுக்கே 205 மீட்டர் உயரத்தில் எழுந்தது பாக்குன் அணை. 2,400 மெகாவாட் மின்னாற்றல் தரவல்ல அவ்வணை, ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் நிலத்தை நீரில் ஆழ்த்தியது. காயான், கென்யா, பெனான் முதலிய இனத்தார் ஏறத்தாழ 10,000 பேர், 1998-ஆம் ஆண்டு தொடங்கிச் சுங்கை ஆசாப்பில் குடியேற்றப்பட்டனர். நீண்ட வீடுகளும் வேட்டைக்காடும் மூதாதையர் புதைநிலங்களும் நீருள் மறைந்தன. காடு முழுவதையும் வாழ்வாகக் கொண்டிருந்தோர்க்குக் குடும்பத்திற்கு மூன்று ஏக்கர் நிலமே அளிக்கப்பட்டது.

அவர்கள் வாளாவிருக்கவில்லை, சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் தங்கள் கருத்தைக் கூறும் உரிமை மறுக்கப்பட்டதென வழக்குத் தொடுத்தனர். 1996-இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2011-இல் அணை மின்விசை தரத் தொடங்கிற்று.

பாக்குன் மக்கள் பட்ட பாட்டினைப் பாராம் ஆற்றங்கரையினர் கண்டிருந்தனர். ஆகவே, தம் ஆற்றில் 1,200 மெகாவாட் அணை திட்டமிடப்பட்டபோது, 2013-இல் பாதைகளை மறித்துக் காவலிருந்தனர். ஈராண்டுக்கு மேல் அம்மறியல் நீடித்தது. 2015-இல் முதலமைச்சர் அடேனான் சாத்தேம் திட்டத்தை நிறுத்திவைத்தார். 2016-இல் நிலவுரிமையும் மக்களுக்கு மீண்டது.

வற்றாத ஆற்றல் என்னும் பெயரால் மட்டும் ஒரு திட்டம் அறமாகிவிடாது. அம்மண்ணில் வாழ்வோரின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். அவ்விசைவின்றி ஏற்றப்படும் விளக்கு, ஓரிடத்து இருளை நீக்கி வேறோரிடத்தில் இருளைச் சேர்ப்பதாகும்.