கவச உடையும் ராட்சத எந்திரமும்: ஜப்பானிய அனிமே அறிவியல் நாவலிடம் பெற்றதும் விட்டதும்

ஜப்பானிய அறிவியல் புனைகதை நாவலையும், ‘அனிமே’ எனப்படும் அந்நாட்டு அசைவூட்டப் படத்தையும் இருவேறு மரபுகளாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டும் ஒரே வட்டத்து ஆட்களின் கைகளில் வளர்ந்தவையே. ஹயகவா பதிப்பகத்தின் அறிவியல் புனைகதை இதழான ‘எஸ்எஃப் மகசின்’ 1959 டிசம்பரில் வெளிவரத் தொடங்கியது. ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சித் தொடராக அறிமுகமானபின், இளம் புனைகதை எழுத்தாளர்கள் சிலர் திரைக்கதை எழுதவும் வந்தனர். அவர்களுள் ஒருவரான அரித்சுனே தொயோதாவே, பின்னர் 1974-இல் ஒளிபரப்பான ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’வின் கதைக்கரு உருவானதிலும் பங்குகொண்டார்.

இந்த உறவை நெருங்கிப் பார்க்க ஏற்றது, அமெரிக்கரான ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் எழுதிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவல். அதில் வரும் படைவீரன் அணியும் கவச உடை, அவனது அசைவை உணர்ந்து தானும் அசைந்து, அவன் வலிமையைப் பன்மடங்காக்கும் எந்திரம். எழுத்தில் அதன் உருவத்தை வாசகரின் கற்பனைக்கு ஓரளவு விட்டுவிடலாம். ஓவியருக்கு அந்தச் சலுகை இல்லை. தெத்சு யானோவின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1977-இல் மலிவுப் பதிப்பாக வந்தபோது, ஸ்டூடியோ நூயே என்ற வடிவமைப்புக் குழு அந்த உடையின் மூட்டுகளும் தகடுகளும் தெரிய வரைந்த படங்கள் நூலுடன் இடம்பெற்றன. அக்குழுவைச் சேர்ந்த ஹருகா தகாச்சிஹோ சன்ரைஸ் என்ற அனிமே தயாரிப்பு நிறுவனத்தாருக்கு இந்நாவலைப் பரிந்துரைக்க, அது யோஷியுகி தொமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ (1979) தொடரின் வித்துகளுள் ஒன்றாயிற்று.

ஆனால் மனித அளவை ஒட்டிய கவசத்தைப் பொம்மையாக விற்பது கடினம். விளம்பரதாரரான பொம்மை நிறுவனம் ராட்சத எந்திரத்தையே விரும்பியதால், கவசம் 18 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, வீரன் அணியும் உடையாக இல்லாமல் உள்ளே அமர்ந்து செலுத்தும் ஊர்தியாயிற்று. ஏவுகணைக் காலத்தில் இத்தகைய எந்திரங்கள் வாளேந்தி நேருக்கு நேர் மோதுவானேன் என்ற கேள்விக்கு விடையாக, ரேடாரைச் செயலிழக்கச் செய்யும் ‘மினோவ்ஸ்கி துகள்’ என்ற கற்பனைப் பொருளைப் படைப்பாளிகள் புகுத்தினர். வணிகம் விதித்த நிபந்தனைக்குப் பின்னால் அறிவியலைத் தேடிச் சென்ற இந்தச் சாமர்த்தியத்தை, நாவலாசிரியர்களும் பாராட்டவே செய்ய வேண்டும். தொடரில் மனிதர்கள் வாழும் விண்வெளிக் குடியிருப்புகளோ புனைகதையிலிருந்து வரவில்லை. அவை இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் 1970-களில் முன்வைத்த சுழலும் உருளைகளைப் பின்பற்றியவை.

கருவியைக் கடன் வாங்கிய தொமினோ, கருத்தைக் கடன் வாங்கவில்லை. ஹைன்லைனின் வீரர்கள் பூச்சியினத்துடன் போரிடுகிறார்கள். அவருடைய நாவல் படைப்பணியைக் குடியுரிமையின் அடிப்படையாக்குகிறது. கன்டத்தில் எதிரிகளும் மனிதர்களே. விருப்பமின்றிப் போருக்குள் தள்ளப்படும் சிறுவன் அமுரோ, ஒரு கட்டத்தில் எந்திரத்துடனேயே தன் படையின் கப்பலை விட்டு ஓடிவிடுகிறான். படைப்பு என்ற அளவில், மூலத்தைவிட இந்த மறுப்பே ஆழமானது.

52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அத்தொடர், வரவேற்பின்மையால் 43-இல் நிறுத்தப்பட்டு, மறு ஒளிபரப்புகளாலும் பாண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாதிரிகளாலும்தான் புகழடைந்தது. 1988-இல் ஹைன்லைனின் நாவலே ஆறு பகுதி அனிமேயாக வெளிவந்தது. தயாரித்தது அதே சன்ரைஸ் நிறுவனம்.