கறுப்பு அங்கி கத்தரிப்பூ நிறமான கதை

போன வாரம் எங்கள் வீட்டு டிவி ரிமோட் மக்கர் செய்தது. பக்கத்துத் தெருவில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பையன் வந்தான். ரிமோட்டைக் கழற்றவில்லை. தன் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் எதிரே பிடித்து பட்டனை அழுத்தினான். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கியது.

"ரிமோட் நல்லாத்தான் இருக்கு சார். டிவியிலதான் கோளாறு" என்றான்.

அதே சோதனையை போனின் பின்பக்கக் கேமராவில் செய்யச் சொன்னேன். ஒன்றும் தெரியவில்லை. "ஏன் சார், அது நல்ல கேமராவாச்சே?" என்று கேட்டான். நல்ல கேமரா என்பதால்தான் தெரியவில்லை என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவனுக்கு அன்று சொல்ல நேரமில்லாத கதையை இங்கே எழுதிவைக்கிறேன். இதில் ஜெர்மனியும் வருகிறது, நம் ஆவடியும் வருகிறது.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்து வெப்பத்தை அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்தபோதும் பாதரசம் ஏறியது. அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் ரிமோட்டிலிருந்து வருகிறது.

நாம் பயன்படுத்திய ஃபிலிமுக்கும் அது தெரியாது. வெள்ளி உப்பு இயல்பாக நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், அதில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு படிப்படியாகச் சிவப்பு வரை வந்தார்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி சாதாரண ஃபிலிமுக்குச் சிவப்போடு பார்வை முடிந்துவிடும். அகச்சிவப்பில் படமெடுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஃபிலிம் வாங்க வேண்டும். பழைய லென்ஸ்களின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடோ, புள்ளியோ, 'ஆர்' என்ற எழுத்தோ இருக்கும். நிறையப் பேர் அது என்னவென்று தெரியாமலேயே வைத்திருந்தோம். அகச்சிவப்பு ஃபிலிம் போட்டால் ஃபோகஸை அந்தக் குறிக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

இனி கேமராவுக்கு வருவோம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சிறு ஜன்னல் வழியே பார்த்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருந்தவர்களுக்கு இது புரியும். இந்த வகையில் அரசன் ஜெர்மனியின் லைக்கா. 1925-இல் சந்தைக்கு வந்தது. 1932-இல் ரேஞ்ச்ஃபைண்டர் அதோடு இணைந்தது. 1954-இல் வந்த எம்3 இன்றும் பேசப்படுகிறது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாள் முழுக்க நம்பியது லைக்காவைத்தான்.

இந்தக் கேமராவுக்குள் எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பதுபோல் மேலும் கீழும் ஆடும் கண்ணாடி கிடையாது. அதனால் லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோகலாம். லென்ஸும் சிறிதாக இருக்கும், படமும் ஓரம் வரை தெளிவாக இருக்கும். ஆனால் அகலக் கோண லென்ஸில் ஒளி படத்தின் மூலைகளுக்கு மிகச் சாய்வாக வந்து விழும். ஃபிலிமுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நேராக வந்தாலும் சாய்ந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

டிஜிட்டல் காலம் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. சென்சார் சிலிக்கானால் ஆனது. சிலிக்கானுக்கு நம் கண்ணைவிடப் பார்வை நீளம். கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடும், சிலிக்கான் 1100 வரை பார்க்கும். அதனால் எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடித் தகட்டை வைக்கிறார்கள். அந்தப் பையனின் போனில் பின்பக்கக் கேமராவில் தடுப்பு பலமாக இருந்தது. செல்ஃபி கேமராவில் பலவீனம். ரிமோட்டின் ஒளி அந்த வழியாகக் கசிந்தது.

இந்தத் தகடு தடிமனாக இருந்தால் சாய்ந்து வரும் ஒளி அதற்குள் வளைந்து இடம் மாறி, மூலைகளில் படம் மசமசவென்று ஆகிவிடும். எஸ்.எல்.ஆர். லென்ஸுக்கு இது பெரிய பிரச்சினையில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுக்கு இதுவே பெரிய பிரச்சினை. 2004-இல் எப்சன் நிறுவனம் ஆர்-டி1 என்று முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுவந்தது. 2006 செப்டம்பரில் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் லைக்கா தன் எம்8-ஐ அறிமுகப்படுத்தியது. ஐம்பது வருடமாக மக்கள் சேர்த்துவைத்த லென்ஸ்கள் எல்லாம் அதில் பொருந்த வேண்டும், மூலை வரை தெளிவும் வேண்டும். ஆகவே தகட்டின் தடிமனை அரை மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். படம் கத்திபோல் வந்தது. அகச்சிவப்பும் உள்ளே வந்தது.

கேமரா கைக்கு வந்த சில வாரங்களிலேயே வாங்கியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதரைப் படமெடுத்தால் கோட்டு கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அதுவும் எல்லாக் கறுப்புக்கும் இல்லை. செயற்கை இழைத் துணிக்குத்தான் அதிகம். காரணம் சாயத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லாம் விழுங்கிவிடுவதால் அந்தத் துணி நமக்குக் கறுப்பு. ஆனால் அகச்சிவப்பை அது விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்சாரின் சிவப்புப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் அதைக் கூடுதலாக எண்ணிக்கொள்கின்றன. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கத்தரிப்பூதானே!

நம் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். பூந்தமல்லி கோர்ட் வாசலில் வக்கீல்களின் டெரிகாட்டன் அங்கி. கார்த்திகை பிறந்தால் அம்பத்தூர் முழுக்க மாலை போட்ட சாமிகளின் கறுப்பு வேட்டி. மழைக்காலத்துக் குடைகள். இவை எல்லாம் கத்தரிப்பூவாக வந்தால் அந்தப் படத்தை யாரிடம் காட்டுவது? அமெரிக்காவில் அந்தக் கேமராவின் விலை அப்போது ஏறக்குறைய 4,800 டாலர். திருமண வீட்டில் படமெடுத்துப் பிழைப்பவர், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு நிறம் மாறியதற்கு என்ன பதில் சொல்வார்? பச்சை இலைகூட அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அதனால் மரம் செடியின் பச்சையிலும் மஞ்சள் ஏறியது.

லைக்கா குறையை ஒப்புக்கொண்டது. ஆனால் தகட்டை மாற்ற முடியாது, மாற்றினால் மூலைகள் கெட்டுவிடும். ஆகவே தடுப்பை உள்ளே வைப்பதற்குப் பதில் வெளியே, லென்ஸின் முன்னால் திருகும் ஃபில்டராகக் கொடுத்தார்கள். எம்8 வாங்கிய ஒவ்வொருவருக்கும் இரண்டு ஃபில்டர் இலவசம். நான்கைந்து லென்ஸ் வைத்திருப்பவர், ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் ஃபில்டர் வாங்க வேண்டியதாயிற்று.

இந்த ஃபில்டர் நிறக் கண்ணாடி அல்ல. மிக மெல்லிய பூச்சுகளைப் பல அடுக்காகப் பூசி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும்படி செய்தது. சாய்த்துப் பிடித்தால் சிவப்பாக மினுக்கும். இந்தப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. ஒளி நேராக வந்தால் சரியாக அகச்சிவப்பை மட்டும் தடுக்கும். சாய்வாக வந்தால் தடுக்கும் எல்லை கொஞ்சம் உள்ளே நகர்ந்து, நல்ல சிவப்பையும் சேர்த்துத் தடுத்துவிடும். விளைவு, அகலக் கோண லென்ஸில் கறுப்பு கறுப்பாக வந்தது, ஆனால் படத்தின் நான்கு மூலையிலும் நீலப்பச்சை படர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு சிறு புள்ளிகள். கேமரா அதைப் படித்து, 'இது இன்ன லென்ஸ்' என்று தெரிந்துகொண்டு, மூலையில் எவ்வளவு நீலப்பச்சை வரும் என்று கணக்கிட்டு மென்பொருளால் கழித்துவிடும். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டி, தொழிற்சாலைக்கு அனுப்பிப் புள்ளி போட்டுக்கொள்ளலாம். பலர் அனுப்பவில்லை. மார்க்கர் பேனாவால் தாங்களே கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டார்கள். கேமராவும் ஏமாந்து படித்தது. இந்தக் கைவேலை நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009 செப்டம்பர் 9 அன்று வெளியான எம்9-இல் தகட்டைச் சற்றே தடிமனாக்கி, வேறு வகைக் கண்ணாடி போட்டார்கள். வெளி ஃபில்டர் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் சில வருடங்களில் அந்தக் கண்ணாடியில் அரிப்பு வர ஆரம்பித்து, பல கேமராக்களின் சென்சாரை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. ஒரு மெல்லிய தகட்டுக்காக இத்தனை பாடு.

இப்போது ஆவடிக்கு வருகிறேன். 1965-இல் விஜயந்தாவில் தொடங்கிய நம் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1980-களில் டி-72 டாங்கி செய்யத் தொடங்கினார்கள். குடியரசு தின அணிவகுப்பில் அதைப் பார்த்தவர்களுக்கு, பீரங்கிக் குழலுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு விளக்கு இருந்தது நினைவிருக்கலாம். அதன் முகப்புக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் வெளியே விடும். எதிரிக்கு இருட்டு, உள்ளே இரவுப் பார்வைக் கருவியில் பார்ப்பவருக்கு வெளிச்சம். லைக்கா ஃபில்டர் எதைத் தடுத்ததோ அதை இந்தக் கண்ணாடி விட்டது. அது எதை விட்டதோ இது அதைத் தடுத்தது. எதிரியிடமும் அதே கண் இருந்தால் விளக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பின்னாளில் தானாக ஒளி வீசாத கருவிகளுக்கு மாறினார்கள்.

துணியிலும் இந்தக் கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரிலேயே, பச்சைச் சாயம் பூசிய மறைப்பையும் நிஜ இலையையும் பிரித்துக் காட்டும் அகச்சிவப்பு ஃபிலிம் வந்துவிட்டது. அதன்பிறகு ராணுவத் துணிக்குச் சாயம் தேர்ந்தெடுப்பவர்கள், கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. எம்8 வாங்கியவர்களுக்கு 2006-இல் திடுக்கென்று தெரிந்தது, சீருடைக்காரர்களுக்கு அறுபது வருடம் முன்பே தெரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1970 வாக்கில் கேரளத்தில் தென்னை மரங்களுக்கு வேர்வாடல் நோய் பரவியிருந்தது. கொல்லங்கோட்டில் பிறந்து, சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த பிஷரோட்டி என்ற விஞ்ஞானி, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ண ஃபிலிமில் அந்தத் தோப்புகளைப் படமெடுக்க வைத்தார். ஆரோக்கியமான மரம் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும், நோய் கண்டது மங்கும். இந்தியாவின் தொலையுணர்வு ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1988 மார்ச் 17-இல் விண்ணுக்குப் போன ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் கேமராவிலும் அகச்சிவப்புக்கென்று தனியாக ஒரு கண் இருந்தது.

ஆக, வக்கீல் அங்கியின் நிறத்தைக் கெடுத்த அதே கதிர்தான் தென்னைக்கு வைத்தியம் பார்க்க உதவியது. எம்8 வைத்திருந்தவர்களிலும் சிலர் குறையைக் குணமாக்கிக்கொண்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தக் கசிவு நன்றாக இருக்கிறது என்று ஃபில்டரைக் கழற்றிவைத்தார்கள்.

உங்கள் பீரோவில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் ஏதாவது தூங்குகிறதா? பேரப் பிள்ளைகள் அடாப்டர் வாங்கிப் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் கொடுங்கள். இப்போதைய கேமராக்களில் உள்ளேயே தடுப்பு பலமாக இருப்பதால் நிறம் கெடாது, வெளி ஃபில்டரும் வேண்டாம். அகலக் கோண லென்ஸாக இருந்தால் மூலை மட்டும் மங்கலாம். அது லென்ஸின் குற்றமல்ல என்று சொல்லிவையுங்கள். அந்த லென்ஸைச் செய்தவர் காலத்தில் அதன் பின்னால் இருந்தது ஃபிலிம்.

ரிமோட் பார்க்க வந்த பையன் நாளைக்கு டிவியைப் பார்க்க வருகிறேன் என்றிருக்கிறான். வந்தால் இதை அவனுக்குப் படித்துக்காட்டலாம் என்றிருக்கிறேன்.