வொயாஜர் கனூ

வொயாஜர் கனூ என்பது கனடாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் உரோமத்தோல் வணிகத்துக்காக ஓட்டப்பட்ட பெரும் மரப்பட்டைப் படகு. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மான்ட்ரியலுக்கும் வடமேற்குக் காடுகளுக்கும் இடையே சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் இதை நம்பியே நடந்தது. வொயாஜர் என்பது பிரெஞ்சு கனடியத் துடுப்புக்காரர்களின் பெயர். படகுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் படகின் வடிவமைப்பு அவர்களுடையதல்ல. ஒஜிப்வே, அல்கோன்கின் முதலிய பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கனூவை வணிகர்கள் பெரிதாக்கி வாங்கினார்கள், அவ்வளவே.

இதில் இரண்டு அளவுகள் உண்டு. மான்ட்ரியல் கனூ சுமார் 11 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் ஓட்ட, ஏறக்குறைய 3 டன் சரக்கு ஏற்றும். சுப்பீரியர் ஏரிக்கு அப்பாலுள்ள குறுகிய ஆறுகளுக்கு அது ஒத்துவராது. அங்கே 7.5 மீட்டர் அளவிலான வடக்குக் கனூ ஓடியது. சரக்கும் ஆளும் கிட்டத்தட்டப் பாதி.

பலகைப் படகு கட்டுவோர் முதலில் சட்டத்தை நிறுத்திப் பிறகு மேலுறை போடுவார்கள் என்றே நினைப்போம். இங்கே வரிசை தலைகீழ். பிர்ச் மரப்பட்டையைத் தரையில் விரித்துக் கல்லேற்றி, ஓரங்களை முளைக்குச்சிகளுக்கு இடையே நிமிர்த்தி, ஸ்புரூஸ் மர வேரால் தைப்பார்கள். பட்டையின் வெள்ளை நிறப் புறம் படகின் உள்ளே போகும். மரத்தை ஒட்டியிருந்த பக்கமே தண்ணீரைத் தொடும். செடார் மரச் சிம்புகளைப் பரப்பி, வளைத்த விலாக்களை இறுக்கித் தட்டிச் செருகுவது கடைசி வேலை. தையல்களில் பிசினும் கொழுப்பும் கலந்து பூசினால் படகு தயார். பாறையில் உரசிக் கிழிந்தாலும் கவலையில்லை: பட்டை, வேர், பிசின் மூன்றும் கரையோரக் காட்டிலேயே கிடைக்கும். இந்தப் படகின் உண்மையான பலம் அந்த வசதிதான்.

அணியத்தில் இருப்பவர் நீரோட்டத்தைப் பார்த்து வழி சொல்வார். அமரத்தில் நிற்பவர் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். நடுவில் இருப்பவர்களின் துடுப்பு குட்டையானது, குறுகலானது. நிமிடத்துக்கு 45 முதல் 60 முறை வலிக்க வேண்டுமென்றால் அகன்ற துடுப்பு கையை முறித்துவிடும். தாளம் தப்பாதிருக்கப் பாடுவார்கள். இடையிடையே புகைக்குழாய் பற்றவைக்க நிறுத்துவார்கள். பயணத் தொலைவையே "இத்தனை புகைக்குழாய்" என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. முனைகளில் இருந்த இருவருக்கும் நடு ஆட்களைவிடக் கூலி அதிகம். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. பாய்ச்சலில் படகு தப்புவது அவர்கள் கையில். பெரிய ஏரிகளில் எதிரி காற்று. கரையை ஒட்டியே போவார்கள். அலை எழுந்தால் கரையேறிக் காத்திருப்பார்கள்.

அருவியும் பாறையும் குறுக்கிட்ட இடங்களில் எல்லாவற்றையும் சுமந்துதான் கடத்த வேண்டும். அந்த வழிக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். சரக்கு 90 பவுண்டுச் (சுமார் 41 கிலோ) சிப்பங்களாகக் கட்டப்பட்டதே இதற்காகத்தான். நெற்றியில் தோல்பட்டையை மாட்டி, ஒருவர் ஒரு நடைக்கு இரண்டு சிப்பம் சுமப்பது வழக்கம். துடுப்பு வீரம் பேசும் நூல்கள் இந்தச் சுமை நடையை ஓரிரு வரியில் தாண்டிவிடுகின்றன. குடலிறக்கம் இவர்களின் தொழில் நோயாக இருந்ததை அவை சொல்வதில்லை. பீஜன் ஆற்றின் அருவிகளைச் சுற்றிச் செல்லும் கிராண்ட் போர்ட்டேஜ் மட்டும் சுமார் 13.7 கிலோமீட்டர். மான்ட்ரியல் கனூக்கள் அதைக் கடக்கவில்லை. சரக்கு மட்டும் முதுகில் ஏறி, மறுமுனையில் காத்திருந்த வடக்குக் கனூக்களுக்கு மாறியது.

1821-இல் உரோமத்தோல் வணிக நிறுவனமான நார்த் வெஸ்ட் கம்பெனி அதன் போட்டி நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனியுடன் இணைந்தபின் மான்ட்ரியல் வழி முக்கியத்துவம் இழந்தது. அதிகச் சரக்கு ஏற்றும், மரப்பலகையாலான யார்க் படகுகள் பெருகின. வேகப் பயணங்களுக்குக் கனூ இன்னும் சில பதிற்றாண்டுகள் நீடித்தது. அந்தக் கடைசிக் காலத்தை ஓவியர் பிரான்சஸ் ஆன் ஹாப்கின்ஸ் நேரில் பயணம் செய்து வரைந்தார்; சில ஓவியங்களில் படகினுள் அவரும் அமர்ந்திருக்கிறார்.

கனடாவின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1967-இல் 8 மாகாணங்களும் 2 ஆட்சிப்பகுதிகளும் அனுப்பிய அணிகள் ராக்கி மவுன்டன் ஹவுஸிலிருந்து மான்ட்ரியல் வரை வொயாஜர் கனூக்களில் 104 நாள் துடுப்பு வலித்தன. மனிடோபா வென்றது. இன்று ஓடுபவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை 715 கிலோமீட்டர் நடக்கும் யூகான் ரிவர் குவெஸ்ட் போட்டியில் இவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு. படகுகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஒன்டாரியோவின் பீட்டர்பரோ நகரில் உள்ள கனடிய கனூ அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அதன் புதிய கட்டடம் 2024-இல் திறக்கப்பட்டது.