ஊரடங்கும் நம் கரையின் வலைகளும்

2020 மார்ச்சில் சென்னைக் கடற்கரைகளைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். மெரினா மறுபடி திறந்தது டிசம்பர் 14-ஆம் தேதி. நம் பெசன்ட் நகர்வாசிகளைக் கேட்டால், வாக்கிங் போக முடியாத ஒன்பது மாதம் என்று நினைவுபடுத்துவார்கள். எலியட்ஸ் கடற்கரையின் வடகோடியில் இருக்கும் ஊரூர்க் குப்பத்தில் கேட்டுப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும்.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. கடல் மீன்பிடிப்புக்கும் மீன் விற்பனைக்கும் மத்திய உள்துறை விலக்கு அளித்தது ஏப்ரல் 10-ஆம் தேதிதான். ஐந்தே நாளில், ஏப்ரல் 15 அன்று, வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. 2001-இல் 45 நாளாக வந்த இந்தத் தடை 2017 முதல் 61 நாள். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதற்காக வைத்தது. ஆனால் அது விசைப்படகுகளுக்கு மட்டும். கட்டுமரத்துக்கோ சிறிய ஃபைபர் படகுக்கோ கரையிலிருந்து வீசும் வலைக்கோ கிடையாது.

ஆக, காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடந்த அந்த வாரங்களில், நம் பக்கத்துக் கடலின் புது மீன் என்று ஏதாவது உங்கள் தட்டுக்கு வந்திருந்தால், அது கரையை ஒட்டிச் சின்ன அளவில் பிடித்ததாகத்தான் இருக்கும். நெத்திலி, கவலை, காரப்பொடி, கிழங்கான். (வஞ்சிரமும் சங்கராவும் மட்டுமே மீன் என்று இருப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை சமைத்துப் பார்க்கலாம்.)

கரையில் நின்று பிடிப்பதிலும் பல வகை உண்டு. கரைவலையை நீங்கள் பார்த்திருக்கலாம். கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்பவர்களிடம் இருக்கும். படகு வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறு நுனியைச் சற்றுத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மீன் நடுவில் இருக்கும் மடியில் சேரும். இரு வரிசையும் மெல்ல நெருங்கி வந்து, கடைசியில் எல்லோரும் ஓரிடத்தில் கூடித்தான் மடியைத் தூக்க வேண்டும். ஆறடி இடைவெளி என்ற விதியை எழுதியவர்கள் இந்த வலையை நினைத்திருக்க மாட்டார்கள்.

வீச்சு வலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒற்றை ஆள், இடுப்பளவு தண்ணீர், அடையாறு முகத்துவாரம். உடைந்த பாலத்துப் பக்கம் மடவை கிடைக்கும், நண்டும் கிடைக்கும். அதுவும் எப்போதும் அல்ல. கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் கடலுக்கும் ஆற்றுக்கும் போக்குவரத்து நின்றுபோகும்.

பிடிப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடு. அது பெரும்பாலும் பெண்களின் வேலை. மாநகரப் பேருந்து ஓடவில்லை. பல அடுக்ககங்கள் வெளியாட்களுக்குக் கேட்டை மூடின. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் ஊரடங்கு மீண்டும் இறுகியபோது, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நடந்தே போய்ப் பொருள் வாங்க வேண்டும் என்று அரசு சொன்னது. நம் வீடுகளைச் சுற்றி 2 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். கிழக்குப் பாதி கடலும் குப்பமும். ஆனால் நம்மில் எத்தனை பேர் செயலியில் மீன் தேடினோம்!

தடைக்காலத்தையும் அந்த ஆண்டு குறைத்தார்கள். ஏற்கெனவே தொழில் முடங்கிப்போனதால், கிழக்குக் கரையில் மே 31-உடன் முடித்து, 61 நாளை 47 ஆக்கினார்கள். விசைப்படகுகள் ஜூன் 1 முதல் போகலாம் என்றானது. எனக்கென்னவோ இது பெரிய படகுகளின் கவலையை மட்டும் தீர்த்ததாகவே படுகிறது. பெரிய வரத்து வந்ததும் சின்ன வலைக்காரரின் மீனுக்கு விலை எங்கே நிற்கும்?

கரை யாருடையது என்ற கேள்வி கொரோனாவோடு வந்ததும் அல்ல. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த எம்.ஜி.ஆர். அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நம் பக்கம் அப்படி ரத்தம் சிந்தவில்லை; ஆனாலும் 1970-களில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துப் பெசன்ட் நகர் எழுவதற்கு முன்பே ஊரூர் இருந்தது என்பதை, குப்பத்து வலை நாற்றம் பற்றி நம் வாட்ஸ்ஆப் குழுவில் புகார் வரும்போதெல்லாம் எழுத நினைத்து விட்டுவிடுகிறேன்.

2020 டிசம்பரில் மெரினா திறந்தபோது நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் ரோட்டிலிருந்து மீன் கடைகளை அகற்றத் தொடங்கியதும் நொச்சிக்குப்பத்து மக்கள் மீனைக் கொட்டாத குறையாகச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் அந்தச் சாலைக்கு முன்பிருந்தே அதே கரையில் மீன் விற்ற குடும்பங்கள்.