நாழிகை வட்டிலும் வாயுமானியும்

கட்புலனாகாத பொருளை அளப்பது எவ்வாறு? கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் அரசனது நாழிகை வட்டிலைக் குறிப்பிடுகின்றார். அடியில் நுண்ணிய துளையுள்ள செப்புக்கலம் நீரில் மிதந்து, நிறைந்து, அமிழும். ஒருமுறை அமிழ்ந்தால் ஒரு நாழிகை. அதனைக் கண்காணிக்கவே ஓர் ஆள் அமர்த்தப்பட்டிருந்தான்.

அவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் சாமுவேல் கிளெக் நீர்கொண்ட வாயுமானியை அமைத்தார். அறைகள் வாயுவால் நிறைந்து வெறுமையாவதை எண்ணுதலே அதன் தத்துவமுமாகும். இன்று குழாய்வழி எரிவாயு பெறும் நாடுகளில், வீடுகளுக்குத் துருத்திபோல் விரிந்து சுருங்கும் மானியும், தொழிற்சாலைகளுக்கு உருளைகள் சுழலும் மானியும், பெருங்குழாய்களுக்குக் காற்றாடி மானியும் உரியன.

கண்டியில் அத்தகைய குழாய்கள் இல்லை. சிலிண்டரின் நிறையே அளவு. வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். மொத்த நிறையிலிருந்து அதனைக் கழித்துப் பார்க்கும் இல்லத்தரசியே இன்று வட்டிலைக் காப்பவள்.